தூங்குமஞ்சமும் கொசுவலையும்

மழைக்காலம் கழிந்து மார்கழிப் பனி தொடங்குங்கால், நம் கல்லூரி மாணவர் மனம் வகுப்பறையை விட்டு வெளியே செல்லத் தலைப்படுதல் ஆண்டுதோறும் காண்பதொன்றாம். ஏரிக்கரையிலோ மலைச்சாரலிலோ இரண்டொரு நாள் முகாமிட்டுத் தங்கி, பறவைகளையும் விண்மீன்களையும் கண்டு, தாமே சமைத்துண்டு மீள்வதிலுள்ள இன்பம் அதனை நுகர்ந்தோர்க்கே விளங்கும். அண்மைக் காலத்தில் இவ்வாறு செல்வோர் நிலத்திற் கூடாரம் அமையாது, இரு மரங்களுக்கிடையே துணிப்படுக்கையைக் கட்டித் தொங்கவிட்டு அதிற் கிடந்துறங்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருகின்றது. நிலத்தின் ஈரமும் கல்லும் முள்ளும் அதனை அணுகா. மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். ஆயினும் அதற்கு ஏற்ற கொசுவலை யாது என்னும் கேள்வி எழும்போது, பலரும் கடையில் முதலிற் கிடைத்ததை வாங்கிக்கொண்டு புறப்பட்டு விடுகின்றனர். யானும் அவ்வாறே செய்தவன். அதன் பயனை அனுபவித்தபின் கற்றவற்றை நம் மாணவ நண்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண், பெயரைப்பற்றி ஒரு சொல். ஆங்கிலேயர் 'ஹாமக்' என வழங்கும் இப்படுக்கையின் பெயர், மேற்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ என்னும் மக்களின் மொழியினின்று வந்தது. 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் அத்தீவுகளை அடைந்தபோது, அம்மக்கள் பருத்தி நூலாற் பின்னிய வலைகளைத் தொங்கவிட்டு அவற்றில் உறங்கக் கண்டார். நம் மொழியில் 'தூங்குதல்' என்னும் சொல்லுக்குத் தொங்குதல் என்பதும் பொருள். தூங்கணாங்குருவி என்னும் பெயரில் தூங்குவது குருவியன்று. மரக்கிளையில் ஆடும் அதன் கூடே. தொங்குதலையும் உறங்குதலையும் ஒரு சொல்லால் உணர்த்தும் மொழியில், இப்படுக்கைக்குத் 'தூங்குமஞ்சம்' என்பதினும் பொருத்தமான பெயர் வேண்டுவதில்லை. பொருளும் நமக்குப் புதிதன்று. அன்னையின் பழஞ்சேலையை உத்தரத்துக் கொக்கியிற் கட்டிய தூளியிலே கிடந்து வளராத தமிழ்க் குழந்தை அரிது. கோபாலபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், யானும் என் தம்பியும் கிடந்த தூளியின் கொக்கி இன்றும் உள்ளது.

நிற்க. சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்துக் கடைசி வாரத்தில் நாங்கள் ஒன்பதின்மர், செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகத்தையடுத்த வேடந்தாங்கலுக்குப் பறவை காணச் சென்றோம். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியபின், நாரையும் கொக்கும் நீர்க்காகமும் பிறவும் ஆயிரக்கணக்கில் வந்து, நீரிடையே நிற்கும் மரங்களிற் கூடு கட்டும் இடம் அது. சரணாலயத்துக்குள் இரவிற் தங்குதல் கூடாதாகையால், உடன் பயிலும் நண்பரொருவரின் உறவினர்க்குரிய மாந்தோப்பில், அவர் இசைவு பெற்று மூன்றிரவு தங்கினோம். தோப்பைச் சுற்றிலும் நெல்வயல். வலைகள் வாங்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. யான் கடைக்குச் சென்று, கட்டிலுக்குப் போடும் சாதாரண வலைகளில் விலை குறைந்தவற்றை ஒன்பது வாங்கி வந்தேன். மேலேயுள்ள நான்கு காதுகளையும் கிளைகளிற் கட்டி, ஓரங்களை மஞ்சத்தின் இருபுறமும் தொங்கவிட்டு, வேலை முடிந்ததென்று மகிழ்ந்தோம்.

தோப்புக் காவலர் ஒருவர், வயது முதிர்ந்தவர், நொச்சித் தழையிட்டுப் புகை மூட்டிக்கொண்டே எங்கள் ஏற்பாட்டைப் பார்த்தார். "மேலே எல்லாம் நல்லாத்தான் மூடியிருக்கீங்க, தம்பி. கொசு கீழேயிருந்தில்ல வரும்?" என்றார். யாங்கள் நகைத்துவிட்டோம். விடியுமுன் அவர் சொல் பலித்தது. முகத்திலும் கையிலும் ஒரு கடியும் இல்லை. முதுகு மட்டும் தீப்பட்டதுபோல் எரிந்தது. என் முதுகில் பதினேழு தடிப்புகள் என உடனிருந்தோர் எண்ணிச் சொன்னார்கள்.

இரண்டாவது பிழை அதனினும் பெரிது. பொழுது புலர்ந்ததும் கொசுவின் ஆட்சி ஒழிந்ததென எண்ணி, வலைகளை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டுப் பகலெல்லாம் வெற்று மஞ்சத்திற் கிடந்தோம். ஊர் திரும்பிய ஆறாம் நாள், எங்களுள் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. கண்ணின் பின்புறமும் மூட்டுகளும் வலிக்க, இரத்தத்தைச் சோதித்து டெங்கு என்றனர். ஐந்து நாள் மருத்துவமனையிற் கிடந்து, மூன்று வாரம் வகுப்புக்கு வாராமற் போனார். டெங்குக் கிருமி உடலிற் புகுந்து நோயாக வெளிப்பட நான்கு முதற் பத்து நாள் வரை ஆகுமாதலின், அவரைக் கடித்த கொசு மாந்தோப்பிலிருந்ததா, அவர் தெருவிலேயே இருந்ததா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்லவியலாது. ஆயினும் யான் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் தாயார், "வலை எல்லாம் நீதான் வாங்கினாயாமே, தம்பி?" என்று கேட்டார். அவர் சினந்து கேட்கவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எனக்கு விடை கூற இயலவில்லை. அன்று தொடங்கியதே இவ்வாராய்ச்சி.

பகைவனை அறியாது அரண் கட்டலாகாது. ஆதலின் கொசுவின் இயல்பை முதலில் நோக்குவோம். கடிப்பது பெண் கொசுவே; முட்டைக்கு வேண்டிய சத்தை அது குருதியினின்று பெறுகின்றது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவையும், உடலின் மணத்தையும் வெம்மையையும் பற்றிக்கொண்டு அது நம்மைத் தேடி வரும். நம் நாட்டில் நாம் அஞ்சவேண்டியவை பெரும்பாலும் மூன்று இனத்தைச் சார்ந்தவை. 'அனாபிலிஸ்' என்பது மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது, இரவிற் கடிப்பது. சென்னையில் இவ்வினத்தின் ஒரு வகை, வீட்டுக் கிணறுகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் முட்டையிட்டு வாழ்கின்றது. 'ஏடிஸ்' என்பது டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது. இதன் கால்களில் வெண்பட்டைகள் இருக்கும். இது பகற்கொள்ளைக்காரன், காலையிலும் பிற்பகலிலும் மிகுதியாகக் கடிப்பது. பூந்தொட்டித் தட்டு, உடைந்த பானை, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் சிறிது தூய நீரே இதற்குப் போதும். மூன்றாவதாகிய 'கியூலெக்ஸ்' இரவிற் கடிப்பது. கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் போலக் கழிவுநீர் தேங்குமிடங்களிற் பெருகும் அதன் ஒரு வகை, யானைக்கால் நோயைப் பரப்பவல்லது. நெல்வயல்களிற் பெருகும் வேறொரு வகையோ ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. அந்நோய் நம் இந்தியாவில் முதன்முதல் 1955-ஆம் ஆண்டில் வேலூர்ப் பகுதியிலேதான் கண்டறியப்பட்டது. அதன் கிருமி கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் தங்கி, கொசுவின் வழியாக மனிதரை அடைகின்றது. பறவை காணச் சென்று வயலருகே உறங்குவோர், அந்தி முதல் விடியல்வரை வெறும் மேனியோடு கிடத்தல் தகாதென்பது இதனால் விளங்கும். எனினும் பறவைகளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. காப்பின்றி இருத்தலையே அஞ்ச வேண்டும்.

இனி, கட்டிலிற் படுப்போனுக்கும் தூங்குமஞ்சத்திற் படுப்போனுக்கும் உள்ள வேற்றுமையைக் கருதுவோம். கட்டிலிற் படுப்போனுக்கு அடியில் பலகையும் மெத்தையும் உள. ஆதலின் வலை மேலும் நாற்புறமும் சூழ்ந்தால், கீழ்ப்புறம் தானே அடைபட்டு விடுகின்றது. தூங்குமஞ்சத்திலோ முதுகின் கீழ் இருப்பது ஒற்றைத் துணி மட்டுமே. அதுவும் உடலின் கனத்தால் இழுபட்டுத் தோலோடு ஒட்டி நிற்பது. உடலின் வெம்மை அதன் வழியே கீழ்நோக்கி வீசும். கொசுவின் ஊசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமேயாயினும், மெல்லிய நைலான் துணியின் இழைகளுக்கிடையே நுழைய அது போதும். துணி கிழியாது, துளையும் தெரியாது, கடி மட்டும் விழும்.

இவ்வுண்மையை ஏறத்தாழ 2,400 ஆண்டுகட்கு முன்னரே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் தம் நூலின் இரண்டாம் பகுதியிற் குறித்துள்ளார். எகிப்து நாட்டுச் சதுப்பு நிலத்து மக்கள், பகலில் மீன் பிடித்த வலையையே இரவிற் படுக்கையைச் சுற்றிக் கட்டி அதனுட் புகுந்து உறங்குவர் என்றும், போர்வையாலோ மெல்லிய துணியாலோ உடலைப் போர்த்திக் கிடப்பின் கொசு அதனூடே கடிக்கும், வலையூடே கடிக்க முயல்வதும் இல்லை என்றும் அவர் எழுதுகின்றார். ஆங்கிலத்தில் விதானத்தைக் குறிக்கும் 'கானப்பி' என்னும் சொல்லும், கொசுவைக் குறிக்கும் 'கோனோப்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததே. மேலே பெருமையோடு விரிக்கும் விதானத்துக்கு மூலம் கொசுவலை என்பது வியப்பன்றோ!

துணியூடே கடிக்கும் கொசு வலையூடே கடியாமைக்குக் காரணம் யாது? துணி நெருக்கமானது, வலையோ ஓட்டை நிறைந்தது. எனினும் துணி உடலைத் தொட்டிருப்பது. வலை உடலினின்று விலகி நிற்பது. ஆகவே நம்மைக் காப்பது வலைக்கும் உடலுக்கும் இடையேயுள்ள வெளியே என்பது பெறப்படும். அவ்வெளியை நாற்புறமும் மேலும் கீழும் இடைவிடாது நிறுத்தி வைப்பதே வலையின் தொழில். எவ்விடத்தில் முழங்கையோ முழங்காலோ வலையைத் தொடுகின்றதோ, அவ்விடத்தில் வலை இல்லை என்றே கொள்க. இவ்வொரு கொள்கையை உளத்திற் கொண்டால், கடையில் எந்த வலையை எடுத்தாலும் அதன் குணமும் குற்றமும் தாமே புலப்படும்.

தூங்குமஞ்சத்துக்கென விற்கப்படும் வலைகள் பொதுவாக நான்கு வகைப்படும். முதலாவது, மஞ்சத்தோடே தைத்து ஜிப்பு வைத்தது. இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளின் காடுகளிற் போரிட்ட அமெரிக்கப் படையினர்க்கு, மேலே மழைத்துணிக் கூரையும் சுற்றிலும் வலையும் சேர்த்துத் தைத்த இவ்வகை மஞ்சங்கள் அளிக்கப்பட்டன. இருளிலும் விரைந்து கட்டலாம்; வலையை மறந்து வருவதற்கும் இடமில்லை. ஆயின் இவ்வகையில் வலை மேற்புறத்தை மட்டுமே காப்பது; முதுகின் கீழ் ஒற்றைத் துணியேயாயின் எங்கள் முதுகு பட்ட பாட்டையே அதனிற் படுப்போர் முதுகும் படும். இரட்டைத் துணியால் அமைந்து, இடையே பாய் செருகும் பை வைத்ததாயின் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, உறை போன்ற வலை. இது மஞ்சத்தை மேலும் கீழும் முழுதும் சூழ்ந்து, இரு முனைகளிலும் நாடாவால் இறுக்கப்படுவது. பாவாடைக்கு நாடா கோப்பதுபோல் இதற்கும் கோத்திருப்பர். கீழ்ப்புறத்திலும் ஒரு சாண் வெளி நிற்குமாறு கட்டலாமாதலின், மேற்கூறிய கொள்கைக்கு முற்றும் இயைவது இதுவே.

மூன்றாவது, கூடாரம்போல் மேலிருந்து நிலம்வரை தொங்கி அடியில் திறந்திருப்பது. இதனுள் நின்று உடை மாற்றலாம்; அமர்ந்து படிக்கலாம்; காற்றோட்டமும் மிகுதி. ஆயின் நிலம் மேடு பள்ளமாயிருப்பின் ஓரத்தில் இடைவெளி விழும். புல்லில் ஒளிந்திருந்த கொசு நம்மோடே உள்ளே அடைபடும். சமமான முற்றத்திலும் மாடியிலும் இது நன்று. தோப்பிற் பயன்படுத்துவோர், முதலில் தரையைப் பெருக்கி, ஓரங்களின்மேற் கல் வைத்தல் வேண்டும்.

நான்காவது, முகத்தையும் மார்பையும் மட்டும் மூடும் அரைவலை. கனமும் விலையும் குறைவு. கை கால்களைத் தடித்த உடையால் மூடி உறங்கவல்ல குளிர்ந்த மலைப்பகுதிக்கே அது ஏற்றது. நம் சமவெளியின் புழுக்கத்துக்கு ஏலாது.

வடிவத்தைத் தெரிந்தபின் கண்ணளவை நோக்குக. ஒரு சதுர அங்குலத்தில் 156 கண்கள் உள்ள வலை, கொசுவைத் தடுக்கப் போதியதென உலகெங்கும் கொள்ளப்படுகின்றது. கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். அளவுகோலை வலையின்மேல் வைத்து, ஓரங்குல நீளத்தில் எத்துணைக் கண்கள் உள என எண்ணுக. ஒரு பக்கம் 12-உம் மற்றொரு பக்கம் 13-உம் இருப்பின் பெருக்குத்தொகை 156 ஆகும். கடற்கழி ஓரங்களிற் காணும், கொசுவினும் மிகச் சிறிய கடிபூச்சிகளும் மணல் ஈக்களும் இக்கண்ணில் நுழைந்துவிடும். அவ்விடங்கட்கு இதனினும் நுண்ணிய வலை வேண்டும். ஆயின் கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும். புழுக்கம் பொறாது நள்ளிரவில் தூக்கியெறியப்படும் நுண்வலையினும், விடியுமட்டும் விலக்காது கிடக்கும் சாதாரண வலையே நலம் பயப்பது. கண்கள் இழுத்தால் விரிந்து கொடுக்கின்றனவா என்பதையும் விரலால் நீவிப் பார்த்தல் வேண்டும்.

நூலைப்பற்றியும் சிறிது கூறுவேன். பருத்தி வலை மென்மையாயினும் பனியையும் மழையையும் உறிஞ்சிக் கனத்துவிடும், நாளடைவில் மக்கிப்போம். பாலியெஸ்டர் வலை மென்மையும் இலேசும் உடையதாய்ச் சிறிதாக மடிவது. பாலிஎதிலீன் வலை சற்று விறைப்பாயினும் முள்ளுக்கும் இழுப்புக்கும் எளிதிற் கிழியாது. நூலின் பருமனை 'டெனியர்' என்னும் அளவாற் குறிப்பர். 9,000 மீட்டர் நூலின் நிறை எத்துணைக் கிராமோ அத்துணை டெனியர் என்பது கணக்கு. பாலியெஸ்டர் வலைகள் 75 அல்லது 100 டெனியர் நூலாற் செய்யப்படுதல் பெருவழக்கு. எண் மிகுந்தால் உறுதியும் மிகும், கனமும் மிகும். இவ்விரு வகை வலைகளையும் தேடி வேறு நாடுகட்குச் செல்ல வேண்டுவதில்லை. அமராவதிக் கரையிலுள்ள நம் கரூர், கைத்தறிக்குப் பெயர்பெற்றதுபோலவே கொசுவலைக்கும் பெயர்பெற்றது. மருந்து கலந்த வலைகளும் அங்கிருந்து பிற நாடுகட்குச் செல்கின்றன. சென்னைக் கடைகளில் நாம் காணும் வலைகளிற் பலவும் அவ்வூரினவே.

மருந்து கலந்த வலை என்றேன். ஒருவகைச் சாமந்திப் பூவில் இயற்கையாக உள்ள பூச்சிக்கொல்லியைப் பின்பற்றிச் செயற்கையாகச் செய்த பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலியன இவ்வலை நூலில் ஏற்றப்படுகின்றன. வலையில் வந்தமரும் கொசு மடியும், அல்லது விலகிப்போம். ஆதலின் தூக்கத்தில் உடல் வலையைத் தொட்டாலும் ஒரளவு காப்பு உண்டு. இருபது முறை துவைத்தாலும் திறன் கெடாது, ஏறத்தாழ மூன்றாண்டு பயன்பட வேண்டுமென்பது இவற்றுக்கு உலக நலவாழ்வு நிறுவனம் எதிர்பார்க்கும் தகுதி. வியட்நாம் நாட்டின் நின் துவான் மாகாணத்தில், காட்டிற் சென்று இரவு தங்கும் மக்கட்கு இத்தகைய மருந்தேற்றிய தூங்குமஞ்ச வலைகளை வழங்கிச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. அவ்வலைகளைப் பெற்ற ஊர்களில் மலேரியா பெறாத ஊர்களினும் விரைந்து குறைந்தமை அதனாற் புலனாயிற்று. நாம் விளையாட்டாகக் கருதும் இப்பொருள், காட்டையே பிழைப்பிடமாகக் கொண்டோர்க்கு உயிர்க்காப்பு என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளத் தகும். ஆயின் ஓர் எச்சரிக்கை. இம்மருந்து மீனுக்கும் பிற நீர்வாழ் உயிர்கட்கும் கொடிய நஞ்சு. எனவே அத்தகைய வலையை ஏரியிலோ குளத்திலோ ஓடையிலோ ஒருபோதும் அலசலாகாது. வீட்டில் குளிர்ந்த நீரிற் சோப்பிட்டுத் துவைத்து நிழலில் உலர்த்துக. கடும் வெயில் மருந்தின் திறனைக் கெடுக்கும்.

நல்ல வலையும் கட்டும் முறை தவறின் பயனற்றதாம். தூங்குமஞ்சத்தைப் பறைத்தோல்போல் இழுத்துக் கட்டினால் நேராகக் கிடக்கலாம் என்பது புதியோர் எண்ணம். யானும் அவ்வாறெண்ணி, கோபாலபுரத்தில் எங்கள் மொட்டைமாடியிலுள்ள துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தில் இழுத்துக் கட்டி ஏறி அமர்ந்தேன், கம்பம் வளைந்தது. அம்மா சொன்னவற்றை ஈண்டு எழுதேன். கணக்கிட்டுப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. கயிறு கிடைமட்டத்தினின்று 30 பாகை சாய்ந்திருப்பின், ஒவ்வொரு முனையிலும் விழும் இழுப்பு படுப்போன் நிறைக்குச் சமம். 60 கிலோ நிறையுடையோனாயின் 60 கிலோ. சாய்வு 10 பாகையாகக் குறைந்தாலோ அவ்விழுப்பு ஏறத்தாழ 170 கிலோவாக உயரும். ஆதலின் நன்கு தொய்யக் கட்டுவதே மரத்துக்கும் நமக்கும் நல்லது. தொய்ந்த மஞ்சத்திற் குறுக்குச் சாய்வாகப் படுத்தால் முதுகும் நிமிர்ந்து கிடக்கும். அப்போது தோளும் பாதமும் இருபுறமும் விரியுமாதலின் வலை அகலமாயிருத்தல் இன்றியமையாதது.

வலையைத் தாங்குதற்கு, மஞ்சத்தின் இரு முனைகளையும் மேலே இணைக்கும் ஒரு மெல்லிய கயிறு வேண்டும். வீட்டின் முகட்டுவளைபோல் நிற்பதால் அதனை முகட்டுக் கயிறு எனலாம். மஞ்சத்தின் நீளத்தில் ஆறில் ஐந்து பங்கு அதன் நீளமாயின் தொய்வு அளவாக அமையும்; 3 மீட்டர் மஞ்சத்துக்கு 2½ மீட்டர். இக்கயிற்றின்மேல் வலையைப் போட்டால் அது முகத்தில் விழாது விலகி நிற்கும்.

மறுமுறை மாடித் தண்ணீர்த் தொட்டியின் கற்றூணிலும் படிக்கட்டறையின் தூணிலும் கட்டிச் சோதித்தேன். வலைத்துணி வாங்கி, எங்கள் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்து ஓர் உறைவலை தைப்பித்தேன். நீளம் 3½ மீட்டர், சுற்றளவும் அவ்வளவே. இரு முனைகளிலும் நாடா. ஒரு பக்கம், இடுப்பளவு உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஜிப்பு. தையற்காரர், "இதற்குள் யார் படுக்கப் போகிறார்கள், தம்பி?" என்று வியந்தார். அடியில் ஒரு சாண் வெளி நிற்குமாறு கட்டி, முதுகின் கீழ்ப் பழைய பவானி ஜமக்காளமொன்றை மடித்துப் போட்டுக்கொண்டேன். கொசுக்கடியைத் தடுப்பதோடு, விடியற்காலைக் குளிர் முதுகில் தாக்காமலும் அது காத்தது. தொடர்ந்து நான்கிரவு உறங்கினேன். முதுகில் ஒரு தடிப்பும் இல்லை. மூன்றாமிரவில் மட்டும் காதருகே ஒரு கொசு பாடிக்கொண்டேயிருந்தது. ஜிப்பைத் திறந்துவைத்துவிட்டு நீர் பருகச் சென்றதன் விளைவு அது.

இவ்விடத்து ரொனால்டு ராஸ் செய்தது நினைவுக்கு வருகின்றது. மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்னும் உண்மையை நாட்ட, அவர் 1897-ஆம் ஆண்டிற் செக்கந்தராபாத்தில் ஆராய்ந்தபோது, ஹுசைன் கான் என்னும் நோயாளியைக் கொசுவலைக்குட் படுக்கவைத்து, அதனுள்ளே கொசுக்களைப் பறக்கவிட்டு அவரைக் கடிக்கச் செய்தார். கொசுவொன்றுக்கு ஓரணா கூலி. அவ்வாண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் அக்கொசுக்களுள் ஒன்றின் குடற்சுவரிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-இல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் வலை கொசுவை வெளியே நிறுத்துதற்கன்று, உள்ளே அடைத்தற்கே பயன்பட்டது. நாமோ கூலியுமின்றி அத்தொண்டைச் செய்யாதிருக்க, அந்திக்கு முன்னரே வலையைக் கட்டி மூடுக. படுக்குமுன் விளக்கொளியில் உட்புறத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்க. புகுந்தவுடன் ஜிப்பை இழுக்க. பகலிற் கிடப்பினும் இவ்விதியையே கொள்க. ஏடிஸ் கொசுவுக்குப் பகலே வேட்டைக்காலம் என்பதை மறவற்க.

ஒன்று மட்டும் கூறி முடிப்பேன். மாடியிற் சோதனை செய்த நாளில், தண்ணீர்த் தொட்டியின் மூடி விரிசல்விட்டிருப்பதைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கூத்தாடிப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. வேடந்தாங்கலுக்கு வலை தேடி அலைந்தவன், தன் தலைமேலேயே கொசுவை வளர்த்து வந்திருக்கின்றேன்! அன்றே தொட்டியைக் கழுவிப் புதுமூடி இட்டோம். எத்துணைச் சிறந்த வலையும் ஒரு படுக்கையைத்தான் காக்கும். தேங்கிய நீரை ஒழித்தலோ தெருவையே காக்கும். முகாமிலும் அவ்வாறே, சமைத்த பாத்திரங்களையும் காலிப் புட்டிகளையும் நீர் நிற்க விடாது கவிழ்த்து வைத்துவிட்டு வருதல் நம் கடன்.

இவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் அம்மாந்தோப்புக்குச் செல்லவிருக்கின்றோம். நோயுற்ற நண்பரும் நலம்பெற்று உடன் வருகின்றார். ஒருமுறை டெங்கு கண்டவர்க்கு வேறு வகை டெங்குக் கிருமியால் மறுமுறை வருமாயின் நோய் கடுமையாதற்கு இடமுண்டு என மருத்துவர் கூறுவராதலின், அவர் தாயார் முதலில் இசையவில்லை. புதிதாகத் தைத்த உறைவலையொன்றை யானே அவர் வீட்டுக்குக் கொண்டுசென்று கொடுத்தேன். அவ்வம்மையார் அதனைக் கூடத்தில் விரித்து, ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்து, "அடியிலும் மூடுமா, தம்பி?" என்று வினவினார். "மூடும், அம்மா. பகலிலும் அவிழ்க்க மாட்டோம்" என்றேன். சென்ற ஆண்டு கூறவியலாத விடை இவ்வாண்டு கூற இயன்றது. நண்பர்காள், முகாமுக்கு வலை வாங்கும் பொறுப்பு உங்களுள் எவரிடம் விடப்படினும், விலையைக் கேட்குமுன் அவ்வம்மையார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்.